கத்தியின் மேல் பழி

புற்றுநோய்க் கட்டியில் கத்தி பட்டால் உடம்பெங்கும் பரவிவிடும் என்று நம்பாத வீடு எங்கள் புதுச்சேரியில் குறைவு. பரவிய பிறகு போய் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பிழைக்காமல் போனார்கள். பழி கத்தியின் மேல் விழுந்தது.

ஆனாலும் அந்தப் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. 1880-களில் அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட், மார்பில் புற்று என்றால் மார்பையும் அதன் அடித் தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே அறுத்தெடுக்கத் தொடங்கினார். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அதுவே வேதவாக்கு. அதைக் கேள்வி கேட்டவரும் ஒரு சர்ஜன்தான்: பெர்னார்ட் ஃபிஷர். சிறிய கட்டியானால் அதை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று 1985-ல் அவர் குழு காட்டியது. 2002-ல் வெளிவந்த இருபது வருஷக் கணக்கும் அதையே சொல்லிற்று.

நோய் ஓரிடத்தில் இருக்கும்வரை கத்திதான் அதற்குப் பெரிய எதிரி. ஓடிப் போனபின் கத்தி தனியாகத் துரத்த முடியாது.

முத்தியால்பேட்டை அத்தை, நெல்லிக்காய் அளவுக் கட்டியை ஒரு வருஷம் மறைத்து வைத்திருந்தாள். கோரிமேட்டு ஜிப்மருக்கு நான் அழைத்துப் போனபோது அது எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது. முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கினார்கள். பிறகு மார்பை முழுவதும் எடுத்தார்கள். தேறி வீட்டுக்கு வந்தபின் ஃபிஷர் கதையைக் கேட்டுவிட்டு அத்தை மெல்லச் சொன்னாள்:

"அப்போ, சீக்கிரம் வந்திருந்தா கொஞ்சமா அறுத்திருப்பாங்களாடா?"

"பெரும்பாலும் அப்படித்தான், அத்தே."

"இதை நாலு பொம்பளைங்களுக்குச் சொல்லு. நீதான் எழுதறவனாச்சே."

சொல்லிவிட்டேன்.