நிலம் பார்க்கத் தெரிந்தவர்

கோல்ஃப் விடுதி கட்ட முனையும் ஒருவர் நிலத்தை வாங்கிய பின் எடுக்கும் முடிவுகளில் பெரியது, திடலை வகுத்துத் தரும் வல்லுநரைத் தேர்வதாகும். அறைகளையும் உணவகத்தையும் நீச்சல் குளத்தையும் பத்தாண்டுகளுக்குப் பிறகு இடித்துக் கட்டலாம்; ஆனால் நூற்றைம்பது ஏக்கர் பரப்பில் பதினெட்டுக் குழிகளும் எந்த வரிசையில், எந்தத் திசை நோக்கி அமைய வேண்டும் என்ற வழித்தடம் மண்ணில் ஒருமுறை பதிந்துவிட்டால், அதை மாற்றுவது திடலைப் புதிதாகவே போடுவதற்குச் சமமாகிவிடும். இங்கே குழி என்பது பந்து விழும் சிறு பள்ளத்தை மட்டும் குறிப்பதன்று. பந்தை முதலில் அடிக்கும் மேடை, அதற்கு முன் விரியும் ஃபேர்வே என்ற வெட்டிய புல்வெளி, வழியில் குறுக்கிடும் பங்கர் எனப்படும் மணற்பள்ளம், இறுதியில் கம்பளமாய்ச் செதுக்கப்பட்ட கிரீன் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஒரு குழி.

இந்தியாவில் இத்தேர்வு பெரும்பாலும் பெயரை முன்னிட்டே நடந்துவந்திருக்கிறது. 1960களில் கோல்ஃப் உலகை ஆண்ட மூவர் என்று ஆர்னால்ட் பாமர், ஜாக் நிக்லாஸ், கேரி பிளேயர் ஆகியோரைச் சொல்வது வழக்கம். அம்மூவரின் பெயரையும் தாங்கிய திடல்கள் குர்கானிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தோன்றின. டி.எல்.எஃப். நிறுவனம் முதலில் பாமரின் பெயரால் ஒரு திடலை அமைத்து, பின்னர் 2015-இல் பிளேயர் வகுத்த திடலைத் திறந்தது. அரியானாவின் கிளாசிக் கோல்ஃப் விடுதி நிக்லாஸை அழைத்தது. யமுனைக்கு அப்பால் கிரேட்டர் நொய்டாவில் ஜேப்பி நிறுவனம் ஆஸ்திரேலியரான கிரெக் நார்மனை நாடியது. புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரோடு விற்பனைக்கு வரும் இத்தகைய திடலைத் தொழிலில் இருப்பவர்கள் சிக்னேச்சர் கோர்ஸ் என்பர். திடலில் ஆட வருவோர் தரும் கட்டணத்தைவிட, திடலைப் பார்த்தபடி கட்டப்படும் வீடுகளின் விலையே முதலீட்டைத் திருப்பித் தருவதால், ஆடத் தெரியாதவரும் அறிந்த ஒரு பெயர் விற்பவருக்குத் தேவைப்படுகிறது. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆயினும் நிலத்தோடு பழக வேண்டிய ஒரு வேலைக்கு ஆள் தேடும்போது, பழக்கத்தை விட்டுவிட்டுப் புகழை மட்டும் பார்ப்பது குறையுள்ள முறையே.

பெயரும் பழக்கமும் ஒருவரிடமே கூடிவந்த நிகழ்வும் இந்நாட்டில் உண்டு. பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை ஐந்து முறை வென்ற பீட்டர் தாம்சன், 1964-இல் தில்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த முதல் இந்தியன் ஓப்பனையும் வென்றவர். அத்திடலைத் திருத்தி அமைக்கும் பணி 1970களில் அவரிடம் வந்தபோது, அங்குள்ள மண்ணும் புதரும் வெயிலும் அவருக்கு ஏற்கெனவே அறிமுகமாகி இருந்தன. பெங்களூரின் கர்நாடக கோல்ஃப் சங்கத் திடலையும் அவரே வகுத்தார்.

ஆளைத் தேர்வது எப்படி என்பதற்கு உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் சான்று அமெரிக்காவின் அகஸ்டா திடலாகும். 1929-இல் பெபிள் பீச் என்ற கடற்கரைத் திடலில் நடந்த போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ், கையில் மிஞ்சிய நாள்களில் அருகிலிருந்த சைப்ரஸ் பாயின்ட் திடலில் ஆடிப் பார்த்தார். அதை வகுத்த அலிஸ்டர் மெக்கன்சியையே பிற்பாடு தம் கனவுத் திடலான அகஸ்டாவுக்கு அழைத்துக்கொண்டார். மெக்கன்சி மருத்துவம் படித்தவர். தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் தங்கள் பதுங்குகுழிகளை இயற்கை நிலத்தோடு ஒன்றச்செய்து எதிரியின் கண்ணிலிருந்து மறைத்த விதத்தைக் கூர்ந்து கவனித்தவர். மனிதன் வெட்டியது எது, இயற்கையாய் அமைந்தது எது என்று பார்ப்பவரால் பிரித்தறிய முடியாதபடி திடல் இருக்க வேண்டும் என்ற அவருடைய கொள்கைக்கு அந்தக் கவனிப்பும் ஒரு வேர். பழைய நாற்றுப் பண்ணை ஒன்றில் எழுந்த அகஸ்டா திடலில் முதல் போட்டி நடப்பதற்கு முன்பே, பேசிய கூலியை முழுதாகப் பெறாமல் 1934-இல் அவர் இறந்துபோனார் என்பது ஆறாத வருத்தம் தரும் செய்தி. முன்செய்த வேலையைப் பார்த்து ஆளைத் தேர்ந்த ஜோன்ஸின் வழிக்கு நேர்மாறான துணிச்சலும் பலித்திருக்கிறது: ஓரிகன் கடற்கரையில் பேண்டன் டியூன்ஸ் விடுதியைத் தொடங்கிய மைக் கைசர் என்ற வாழ்த்து அட்டை வணிகர், பெயர் பெறாத இளைஞராயிருந்த ஸ்காட்லாந்தின் டேவிட் மெக்லே கிட் என்பவரிடம் முதல் திடலை ஒப்படைத்தார்; 1999-இல் திறந்த அத்திடலுக்கு உலகெங்குமிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள்.

அகஸ்டாவும் ஓரிகனும் தொலைவிலிருப்பவை. ஆள் தேர்ந்தெடுக்கும் கலையைப் பார்த்தறிய, புதுச்சேரியை அடுத்த மூலக்குளத்துக்காரர் கடல் கடக்க வேண்டியதில்லை. வில்லியனூர்ச் சாலையில் கிழக்கே நகருக்குள் சென்றால், பிரெஞ்சுக் காலத்துத் தெருக்களுக்கு நடுவே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி நிற்கிறது. ஐதராபாத் நிஜாமின் அரசில் உயர்பதவி வகித்த சர் அக்பர் ஹைதரியின் வழியாக வந்த நன்கொடையால் எழுந்ததால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. கட்டியவர் அந்தோனின் ரேமண்ட். பொஹீமியாவில் பிறந்து, 1919-இல் ஃபிராங்க் லாயிட் ரைட்டுடன் டோக்கியோவுக்குச் சென்று, அங்கேயே தம் பணிமனையை நிறுவிக்கொண்டவர். ஆசிரமத்தில் பவித்ரா என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் பொறியாளர் முன்பு ஜப்பானில் வாழ்ந்த காலத்தில் ரேமண்டை அறிந்திருந்தார்; அந்த அறிமுகமே அழைப்பாயிற்று. அப்போது புதுச்சேரியில் ரேமண்டின் பெயரைக் கேட்டு அறை பிடிக்க வருவார் எவருமில்லை. வெப்பமும் நிலநடுக்கமும் புயலும் உள்ள நாட்டில் காற்றோட்டமான கட்டடங்களைக் கட்டிக் காட்டியவர் என்பதே அவருடைய தகுதியாக இருந்தது.

1935-இல் வரைபட வேலை தொடங்கிற்று. ரேமண்டின் உதவியாளர்கள் ஃபிரான்ஸுவா சாமரும் ஜார்ஜ் நகாஷிமாவும் புதுச்சேரியில் வந்து தங்கினர். ரேமண்டும் குடும்பத்தோடு வந்து சில மாதம் இருந்தார். நகாஷிமா ஊதியம் வாங்குவதை விட்டு ஆசிரம அன்பராகவே ஆகிவிட்டார். பிற்காலத்தில் அமெரிக்காவில் மரவேலைக் கலைஞராக உலகப் புகழ் பெற்றவர் இவரே. கட்டடத்தின் வடக்கு, தெற்கு முகங்களில் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரை கிடைமட்டமான அகலப் பட்டைகள் அடுக்கப்பட்டு, வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பத் திருப்பிச் சாய்த்துக்கொள்ளும்படி அமைந்திருக்கின்றன. வடபுறம் தாழ்வாரம், தென்புறம் அறைகள். இடையே இழுத்து மூடும் தேக்குக் கதவுகளிலும் காற்று புகும் இடைவெளி விடப்பட்டிருப்பதால், கதவு சாத்திய அறையிலும் கடற்காற்று தடைபடுவதில்லை. காலடியில் கடப்பைக் கல் குளிர்கிறது. சித்திரைப் பகலில் புதுச்சேரி எப்படி வேகும் என்பதை இருந்து அனுபவித்தவர்களே வரைந்திருக்கக்கூடிய கட்டடம் அது. புகழை விலைக்கு வாங்கும் முதலீட்டாளர் எவரும் ஒருமுறை அத்தெருவில் நின்று பார்க்க வேண்டும்.

திடல் வகுப்பவருக்கும் நிலத்தில் தங்கிப் பழகும் இந்த இருப்பே முதல் தகுதி; ஏனெனில் அவர் கையாள்வது புல்லும் நீரும். வெப்ப நாட்டுத் திடல்களில் விரிக்கும் பெர்முடா புல் வேறெதுவுமன்று, புதுச்சேரி மணக்குள விநாயகருக்குச் சாத்தும் அருகம்புல்லே. வரப்பில் கேட்பாரற்று வளரும் அதே புல்லின் கலப்பினங்களைக் கிரீனில் மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டி வைக்கும்போது, அது ஓயாமல் நீரும் உரமும் கேட்கும் குழந்தையாகிவிடுகிறது. புதுச்சேரிப் பகுதியிலுள்ள பாகூரின் களிமண்ணில் ஐப்பசி மழை வடியாமல் நிற்கும். சரியான சரிவும் வடிகாலும் இல்லையேல் புல் அழுகும், உரம் கலந்த நீர் வாய்க்காலில் இறங்கும். தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை வெட்டியவர்களும், ஊசுட்டேரிக்குக் கரை போட்டு மதகும் கலங்கலும் வைத்தவர்களும், ஒரு சாண் சரிவைக்கூடக் கண்ணால் அளந்து, நீர் தானே போகும் வழியை அறிந்து செயல்பட்டவர்கள். திடலை வகுப்பதற்கு வேண்டிய அறிவும் அதுவே. இப்பகுதியில் அதற்குப் பஞ்சம் இருந்ததில்லை.

ஆகவே வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எவரேனும் கோல்ஃப் விடுதி கட்ட விண்ணப்பித்து, திடல் வகுப்பவர் என்று ஒரு பெரிய பெயரை முன்வைத்தால், ஊர்மக்களும் கொம்யூன் பஞ்சாயத்தும் அப்பெயரோடு மன நிறைவு கொள்ளலாகாது. அவர் அடைமழையில் ஒருமுறையும் அக்னி நட்சத்திரத்தில் ஒருமுறையும் அந்நிலத்தில் நடந்தாரா, பாய்ச்சும் நீர் எங்கிருந்து வருகிறது, வடியும் நீர் எந்த ஏரியில் போய்ச் சேர்கிறது என்பதை வரைந்து காட்டினாரா என்று கேட்க வேண்டும். காட்டாதவரின் திடலுக்கு அனுமதி தரக் கூடாது.