மறைந்துகொள்ள ஓர் இடம்

சென்னையின் பழைய மனிதர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள்; மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்பார்கள். வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர்களுக்கு ஒரே நாளில் இரண்டையும் காட்டி, மூர் மார்க்கெட்டில் ஒரு சுற்றுச் சுற்றவைத்து, சாயங்காலம் சென்ட்ரலில் ரயிலேற்றிவிடுவது அந்தக் காலத்துக் குடும்பங்களின் வழக்கம்.

இரண்டு காலேஜுக்கும் தொடக்கம் ஒன்றுதான். அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள விலங்குகளை வளாகத்தில் வைத்தால் கூட்டம் பெருகுகிறது என்று கண்டுகொண்டு, 1855-இல் அங்கேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். ஆற்காட்டு நவாபிடம் பேசி அவர் வளர்த்த விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். அடுத்த ஆண்டுக்குள் 300-க்கும் மேல் சேர்ந்துவிட்டன. இடம் போதவில்லை. 1860-களில் எல்லாவற்றையும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 116 ஏக்கரில் விரிந்திருந்த பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அது முதல் இடமாற்றம். இரண்டாவது இடமாற்றத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

நான் சின்ன வயதில் அந்த இரண்டாம் இடத்தைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மறக்காமல் இருப்பது புலியின் முகமல்ல, அதன் கால்கள். சிமென்ட் தரையில், கம்பிக்கு இணையாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடக்கும். மூலையில் தலையை ஒரே மாதிரி உயர்த்தித் திரும்பும். மறுபடி அதே நடை, அதே இடத்தில் அதே கால். அது நடந்த தடத்தில் மட்டும் தரை மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருந்தது. வெளியே நின்றவர்களுக்கு அது பெரிய சந்தோஷம், “பாரு, எப்படி கம்பீரமா நடக்குது!” என்று என் சித்தப்பா சொன்னார். நெருக்கமான இடத்தில் அடைபட்ட விலங்கு இப்படிப் பொருளில்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது துன்பத்தின் அடையாளம் என்று பிற்காலத்தில்தான் படித்தேன். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: காட்டில் எந்த ஊனுண்ணி அதிக தூரம் சுற்றுகிறதோ, அதுதான் கூண்டில் அதிகம் சீரழிகிறது. பனிக்கரடிக்கு நாம் கொடுக்கும் இடம் அது இயல்பாகச் சுற்றும் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்பது அவர்கள் கணக்கு.

சென்ட்ரலைச் சுற்றி நெரிசலும் புகையும் கூடிக்கொண்டே போக, 1979-இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை வனத்துறை ஒதுக்கியது. நகரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். பெயருக்குத்தான் காடு, முள்ளும் புதருமாக இருந்த நிலத்தில் மரம் நட்டு வளர்க்க வேண்டியிருந்தது. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு மே மாதம்தான் சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் எரிந்தது. சில வாரங்களுக்குள் அந்த வட்டாரத்தின் இரண்டு முகங்களும் போய்விட்டன. சென்ட்ரல் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வருடம்தான் நினைவுக்கு வரும்.

ஒரு விலங்கை இடம் மாற்றுவது லாரியில் ஏற்றி அனுப்புகிற வேலை மட்டுமல்ல. நன்றாகச் செய்கிறவர்கள் பல நாள் முன்னதாகவே பெட்டியைக் கூண்டோடு சேர்த்து வைத்துவிடுவார்கள். சாப்பாட்டை முதலில் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார்கள், பிறகு வாசலில், அப்புறம் உள்ளே. விலங்கு தானாக உள்ளே போய்ச் சாப்பிட்டுப் படுக்கப் பழகிய பிறகுதான் ஒருநாள் கதவு மூடும். போய் இறங்கிய இடத்தில் திறந்தவெளியில் உடனே விடுவதில்லை. இரவில் அடைக்கும் அறையின் வாசனை முதலில் பழக வேண்டும். சாயங்காலம் சாப்பாட்டுக்குத் திரும்பி வர வேண்டிய இடம் எது என்று அதற்குத் தெரிய வேண்டும். காப்பாளரின் குரல் பழகியதாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. இதற்கெல்லாம் தேவை பொறுமைதான். திறப்பு விழாத் தேதி இதற்கு என்றுமே எதிரி.

வண்டலூரில் கம்பி போய் அகழி வந்தது. கார்ல் ஹாகன்பெக் 1907-இல் ஹாம்பர்க் அருகே தன் மிருகக்காட்சி சாலையில் செய்துகாட்டிய முறை இது. பார்க்கிறவருக்கும் விலங்குக்கும் நடுவே பள்ளம்; பள்ளம் கண்ணுக்குத் தட்டுப்படாததால் வெட்டவெளியில் நிற்பதுபோல் தெரியும். நமக்குப் பார்வை திறந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், தூரம் கூடியது. பாசல், ஜூரிக் மிருகக்காட்சி சாலைகளை நடத்திய ஹைனி ஹெடிகர் 1940-களிலேயே எழுதிவைத்தார்: ஒவ்வொரு விலங்குக்கும், மனிதன் எவ்வளவு நெருங்கினால் ஓட வேண்டும் என்று ஓர் அளவு உண்டு, அந்த அளவுக்குப் பின்வாங்க இடமில்லாத கூண்டில் அது ஓயாத பயத்தில் இருக்கும். ஏக்கர் கணக்கு மட்டும் போதாது, அந்த ஏக்கருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்பதும் அவர் சொன்னதுதான். வெறும் பொட்டலில் விடப்பட்ட மானுக்குப் பத்து ஏக்கரும் பயம்தான். ஒரு மூங்கில் புதர் இருந்தால் அரை ஏக்கரிலும் அது கண்ணயரும்.

இதைத்தான் நாம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. வண்டலூரில் புலி இடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும்: “இவ்ளோ தூரம் வந்து, டிக்கெட் எடுத்து, ஒண்ணுத்தையும் காணோமே!” ஒரு மே மாத மதியம் ஓர் அப்பா இப்படிக் கேட்டபோது, பக்கத்தில் இருந்த காப்பாளர் கையை நீட்டினார். “அந்தப் புதருக்குப் பின்னாடி பாருங்க சார், காது மட்டும் ஆடும்.” நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நிழலுக்குள் ஈ விரட்டும் ஒரு காது, பின்பக்கத்து வெள்ளைப் பொட்டோடு, இரண்டு தரம் துடித்தது. அந்த மனிதரின் பெண் குழந்தை கத்தாமல் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். சித்தப்பா காட்டிய புலியைவிட இது பெரிய தரிசனம் என்று நினைக்கிறேன். ஏனென்றால், பார்க்கப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்தது புலி.

ஆகவே, இடம் மாற்றியது சரி என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் இழந்தது ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. பழைய இடத்துக்குச் சூளையிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் நடந்தே வரலாம். கைவண்டி இழுத்தவரின் பிள்ளைக்கும் ஒரு புலியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அப்போது நடந்து தீரும் தூரத்தில் இருந்தது. 30 கிலோமீட்டர், நாலு பேருக்குப் போக வரச் செலவு, நுழைவுச் சீட்டு, உள்ளே சுற்ற பேட்டரி கார் என்று கூட்டிப் பார்த்தால், ஒரு நாள் கூலியில் வாழும் வீட்டுக்கு அது பெரிய பயணம். விலங்குக்கு நியாயம் செய்ததற்கான விலையை நகரத்தின் ஏழைக் குழந்தை கொடுக்கக் கூடாது.

தவிர, தூரமும் நிரந்தரமல்ல. மிருகக்காட்சி சாலை நகரத்தை விட்டு விலகிப் போயிற்று, நகரம் ஜி.எஸ்.டி. சாலை வழியே அதன் பின்னாலேயே வந்துவிட்டது. வெளிவட்டச் சாலை வண்டலூரில்தான் தொடங்குகிறது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கத்திலேயே திறந்தது. நிழலும் நிரந்தரமல்ல: 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது பூங்காவுக்குள் பல ஆயிரம் மரங்கள் சாய்ந்தன. வாரக்கணக்கில் மூடிவைக்க வேண்டியிருந்தது. முப்பது வருடம் வளர்த்த நிழல் அது. அதைத் திரும்ப வளர்ப்பதுதான் எந்தப் புதிய கூடத்தையும்விட முதல் வேலை.

புதிய கூடங்கள் என்றால் உடனே வருவது எந்த நாட்டு விலங்கு வரப்போகிறது என்ற பட்டியல். வேறு விதமாகவும் தொடங்கலாம். கேரளத்தில் 1885-இலிருந்து நகருக்குள் இருந்த திருச்சூர் மிருகக்காட்சி சாலை இப்போது புத்தூரில் 336 ஏக்கருக்கு மாறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜான் கோ வடிவமைத்த அந்த இடத்தில், கூண்டுகளை வரிசையாக வைக்காமல் வாழிடம் வாழிடமாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த நிலம், அதில் யார் யார் வாழ்வார்கள் என்று தொடங்குவது நல்ல வழி. வேண்டாம் என்று முடிவு செய்வதும் திட்டம்தான்: 2009-இல் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம், மிருகக்காட்சி சாலைகளில் இருக்கும் யானைகளை முகாம்களுக்கு அனுப்பச் சொன்னது. யானையின் நடைக்கு எந்தச் சுவருக்குள்ளும் இடம் போதாது என்று ஒப்புக்கொண்ட முடிவு அது. குழந்தைகள் ஏமாந்திருப்பார்கள், இருந்தாலும் சரியான முடிவு.

என்னிடம் கேட்டால் நம் மண்ணின் விலங்குகளைச் சொல்வேன். சோலைமந்தி, அலங்கு, கழுதைப்புலி, மரநாய், தேவாங்கு. தேவாங்குக்காகக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயத்தை அரசு 2022-இல் அறிவித்தது. இந்தியாவில் அந்த விலங்குக்கான முதல் சரணாலயம். ‘தேவாங்கு மாதிரி’ என்று திட்டத் தெரிந்த நம்மில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? இரவில் நடமாடும் பிராணி. அதற்கென்று ஓர் இருட்டுக் கூடம் கட்டலாம். இரவில் விளக்கைப் போட்டுப் பகலில் மங்கலாக்கிவிட்டால், அதன் இரவு நமக்குப் பகலாகிவிடும். கொடி, கிளை, பொந்து எல்லாம் முதலில் முடிவாகட்டும். பார்வையாளர் எங்கே நிற்பது என்பதைக் கடைசியாக வரையலாம்.

அந்தக் கூடத்தில் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். அதுவரை மாநகராட்சிப் பள்ளியிலிருந்து இலவசமாக அழைத்து வந்த நாற்பது பிள்ளைகளைச் சத்தமில்லாமல் நிற்கவைத்து, கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொண்டு, “மேலே, இடதுபக்கக் கிளை” என்று மெதுவாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நாள் முழுக்க, விடுமுறை நாளிலும். கட்டடச் செலவுக்கு முன்னால் அந்த ஆளின் சம்பளத்தைத் திட்டத்தில் எழுதச் சொல்வேன்.