பதினைந்து விநாடிக்கு முன்னால்

டீ-சேர்ட்டின் கீழ் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, குறட்டில் பிடித்து, லைட்டரைக் காட்டினார் கடைக்கார நானா. நூல் சுருண்டு கறுத்தது. முனையில் கடுகளவு மணி ஒன்று திரண்டு நின்றது. ஆறியதும் நகத்தால் நசுக்கிப் பார்த்தார். உடையவில்லை. "லேபில்ல கொட்டன்னு போட்டீக்கி. ஆனா இது பொலியெஸ்டர் தம்பி" என்று, டீ-சேர்ட்டுகளைப் பொதியாகக் கொண்டுவந்திருந்த பையனிடம் சொன்னார். பஞ்சு நூலென்றால் காகிதம் எரிகிற வாசனையோடு பொடிச் சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் உருகி உறையும். கலப்புத் துணி பாதி உதிரும், பாதி உறையும். ஆளைத் தடுமாற வைப்பது அந்த ரகம்தான்.

பையனுக்கு இந்தப் பரிசோதனையில் அக்கறை இல்லை. மென்பந்து கிரிக்கெட் போட்டிக்கு அணியின் பெயரும் இலக்கமும் அடித்து வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். "எந்தத் துணியானா என்ன நானா, சூடு வச்சி அடிக்கிறதுதானே?" என்றான். இந்தத் தொழிலைப் பற்றி ஊரில் எல்லோரும் நினைப்பதும் இதுதான். நானும் கிட்டத்தட்ட அப்படி நினைத்துக்கொண்டுதான் கலகெதரவுக்கு பஸ் ஏறியிருந்தேன்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, குருநாகல் வீதியில் ஏறினால், இரண்டு நகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவில் வருகிறது கலகெதர. இதைத் தாண்டினால் பாதை வளைந்து வளைந்து மாவத்தகம பக்கமாக இறங்கத் தொடங்கும். மலைநாட்டின் குளிர் கைவிட்டுப் போகும். சிங்களமும் தமிழும் ஒரே கடை வாசலில் கலந்து ஒலிக்கிற ஊர். நான் போன கடை, பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரே அறை. நாற்பதுக்கு அறுபது சென்ரிமீற்றர் தட்டுள்ள ஹீட் பிரஸ் ஒன்று, வினைல் வெட்டும் கட்டர் ஒன்று, ஒரு கணினி, சுவரெல்லாம் மாதிரிக்குத் தொங்கும் சேர்ட்டுகள். நானாவும், அவருடன் வேலை செய்யும் ஒரு மலையகத் தமிழ்ப் பெண்ணும். அவர் இவளைத் தங்கச்சி என்கிறார். இவள் அவரை நானா என்கிறாள்.

பிரஸ் வேலையைப் பார்த்தால் பையன் சொன்னது சரி என்றே தோன்றும். சேர்ட்டை விரித்து, மேலே அச்சிட்ட பிலிமைக் கவிழ்த்து வைத்து, டெஃப்லான் தாளால் மூடி, கைப்பிடியை இழுத்து அமர்த்தினால் டைமர் ஓடும். பதினைந்து விநாடி. சத்தம் வந்ததும் திறந்து, ஆறவிட்டு, பிலிமை உரித்தால் படம் நெஞ்சில் ஒட்டியிருக்கும். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று இதைப் பார்க்கிறபடியால்தான் பேரம் முளைக்கிறது. பதினைந்து விநாடிக்கு இவ்வளவு காசா என்று வாய்விட்டே கேட்பவர்கள் உண்டாம். "அதுக்குத்தான் இப்ப மெஷின உள்ளுக்குப் போட்டீக்கி" என்று சிரித்தார் நானா. முன்பு வாசலோரம் இருந்ததாம்.

அந்தப் பதினைந்து விநாடிக்கு முன்னால் நடப்பதை நான் அங்கே உட்கார்ந்துதான் பார்த்தேன். காலையில் மெஷின் சூடேறியதும் முதல் வேலை அழுத்தம் பார்ப்பது. காகிதத்தை விரலகலக் கீற்றுகளாக வெட்டி, தட்டின் நான்கு மூலையிலும் வைத்து மூடுகிறார். பிறகு ஒவ்வொன்றாக இழுக்கிறார். மூன்று அசையவில்லை, பின்பக்க மூலையில் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்த மூலையில் அழுத்தம் குறைவு. அங்கே அடிக்கிற எழுத்து இரண்டாம் சலவையில் உரியும். பின்னாலிருக்கும் திருகைக் கால் சுற்று திருப்பி மறுபடி இழுத்துப் பார்க்கிறார். சூடும் அப்படித்தான், மெஷினின் முகப்பில் 160 என்று ஒளிரும், தட்டின் ஓரத்தில் அவ்வளவு இருக்காது. அகச்சிவப்பு வெப்பமானியால் நடுவிலும் ஓரத்திலும் சுட்டுப் பார்க்கிறார். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டினார்களே, அந்தக் கருவியின் முரட்டுத் தம்பி இது.

அதன் பிறகு சேர்ட்டை வெறுமனே மூன்று நான்கு விநாடி அழுத்தி எடுக்கிறார். வெற்றுத் துணியிலிருந்து மெல்லிய ஆவி எழுந்ததை நானே கண்டேன். மழைக்காலத்தில் பஞ்சுத் துணி காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஈரத்தோடு பிலிமை ஒட்டினால் அடியில் குமிழ் விடும். நடுக்கோடு பிடிக்க அளவுநாடா கிடையாது. சேர்ட்டை நெடுக்காக இரண்டாக மடித்து ஓர் அழுத்து, மடிப்புத் தடமே கோடு. கழுத்திலிருந்து நாலு விரல் இறக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு விரல். பொத்தான் பட்டியோ தடித்த தையலோ குறுக்கே வந்தால் உள்ளே பழைய மவுஸ் பேட் ஒன்றைச் செருகி அச்சு விழும் இடத்தை மட்டும் உயர்த்துகிறார். இதெல்லாம் எந்தக் கையேட்டில் இருக்கிறது என்று கேட்டேன். "கெடுத்த சேர்ட்ல ஈக்கி" என்றார்.

அதிகம் கெட்டவை சிவப்பும் மெரூனும்தான். கண்டியில் மெரூனைத் தவிர்த்துப் பிழைக்க முடியாது. கிங்ஸ்வூட் கல்லூரியும் தர்மராஜ கல்லூரியும் 1893 முதல் ஆடிவரும் கிரிக்கெட் போட்டிக்கே மெரூன்களின் சமர் என்றுதான் பெயர். மார்ச்சில் பிக் மேட்ச் காலம், பிறகு ரோயலும் டிரினிட்டியும் 1945 முதல் மோதும் பிராட்பி கேடய ரக்பி, அதற்கிடையில் ஏப்ரல் புத்தாண்டு விளையாட்டுகள். பள்ளிக்கூடத்து நடைபவனி, பழைய மாணவர் ஒன்றுகூடல், வகுப்புச் சுற்றுலா என்று எதற்கும் ஒரு டீ-சேர்ட். அதில் மெரூன் பொலியெஸ்டரில் வெள்ளை எழுத்து கேட்டு வருகிறார்கள். அடித்துக் கொடுக்கும்போது பால்போல் வெள்ளையாக இருக்கும். மறுநாள் பார்த்தால் ரோசா நிறம்.

காரணம் துணியின் சாயத்தில் இருக்கிறது. பொலியெஸ்டருக்கு ஏற்றும் சாயம் சூடு பட்டால் திண்மத்திலிருந்து நேரே ஆவியாகக் கூடியது. பிரஸ்ஸின் சூடு ஏற ஏற அது நூலை விட்டுக் கிளம்பி மேலேயுள்ள வெள்ளைப் படலத்துக்குள் குடியேறிவிடும். உடனே தெரியாது, மணிக்கணக்கில் கசியும். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேடுதான் இதே தொழிலின் இன்னொரு பிரிவுக்குச் சோறு போடுகிறது. அதே ரகச் சாயத்தை மையாக்கிக் காகிதத்தில் அச்சிட்டு, வெள்ளைப் பொலியெஸ்டரில் 190, 200 பாகையில் அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய் அமர்ந்துவிடும். தடவினால் கைக்கு எதுவும் தட்டுப்படாது, உரிய ஒன்றுமில்லை. 1950களில் பிரான்சில் நோயல் டி பிளாஸ் என்பவர் இதைத் தொழில்முறையாக்கினார். சப்ளிமேஷன் ஜேர்சி என்று இன்று இலங்கை முழுவதும் விளையாட்டு அணிகள் அணிவது அதைத்தான். பஞ்சில் அது நிற்காது, கறுப்புத் துணியில் தெரியாது.

மெரூனுக்கு நானாவின் வைத்தியம் எளிது: சூட்டை 130 பக்கம் இறக்கு, குறைந்த சூட்டில் உருகும் பசைத்தூள் போட்ட பிலிமைக் கேட்டு வாங்கு, ஒன்றை அடித்து ஒரு நாள் வைத்துப் பார்த்த பிறகே மிச்சத்தைத் தொடு. கிரிக்கெட் பையனின் பொதி மேசையடியில் போனதும் இதற்காகத்தான். வெள்ளிக்கிழமைக்கு முடியுமா என்பதற்கு அவர் வியாழன் காலையில்தான் பதில் சொல்வார்.

முதுகில் பெயர் போட இன்னும் வினைல்தான். வாடிக்கையாளர் அதை ஸ்டிக்கர் என்கிறார்கள். கட்டர் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாக வெட்டும். வேண்டாத பகுதியை ஊசிமுனைக் கொக்கியால் கிள்ளி உரித்தெடுக்க வேண்டும். தங்கச்சியின் வேலை அது. ஆங்கிலப் பெயரென்றால் ஓர் இழுப்பில் வந்துவிடுகிறது. சிங்கள எழுத்தின் வளைவுகளுக்குள் குட்டி வட்டங்கள் மாட்டிக்கொள்ளும். தமிழ்ப் பெயர் வந்தால் அவள் விளக்கைக் கிட்ட இழுத்துக்கொள்கிறாள். மெய்யெழுத்தின் புள்ளி எதனோடும் ஒட்டாமல் தனித்து நிற்கிறதல்லவா? கழிவை இழுக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். புள்ளி போனால் ராஜ்குமார் ராஜகுமார் ஆகிவிடுவான். ஒவ்வொரு புள்ளியையும் இடது சுட்டுவிரல் நகத்தால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலக் கையால் சுற்றியிருப்பதை உரிக்கிறாள். அவள் உரித்து முடித்த ஒரு பெயரில் ஏழு எழுத்து, மூன்று புள்ளி. மூன்றும் இருந்தன.

இவள் துணியைக் கற்றது கட்டுநாயக்கவில். 1978இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் திறந்ததிலிருந்து நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் பெண்கள் ஊசிக்கும் நூலுக்கும் போனார்கள். 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் இருநூறு ஆடைத்தொழிற்சாலைத் திட்டம் அந்த வேலையைக் கிராமப் பக்கம் கொண்டுவந்தது. "அங்க நான் செஞ்சது காலர் மட்டும்தாண்ணே. முழுச் சட்டைய தச்சதே இல்ல" என்றாள். ஆனாலும் துணியை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து அதன் கனத்தைச் சொல்கிறாள்; எந்தப் பக்கம் இழுபடும், சலவையில் எவ்வளவு சுருங்கும் என்று சொல்கிறாள். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஊர்களுக்குக் கொடுத்ததில் கணக்கில் வராத சொத்து இந்த விரல்கள் என்பேன். சம்பளச் சீட்டில் அதற்கு இடம் இருந்ததில்லை.

சில வருடங்களாக எல்லாவற்றையும் புரட்டிப்போட்டிருப்பது டீடிஎஃப். படத்தை நேரே பிளாஸ்டிக் பிலிமில் அச்சிட்டு, மேலே வெள்ளை மை, அதன்மேல் பசைத்தூள், ஒரு சூடு. வெட்டவும் வேண்டாம், கிள்ளவும் வேண்டாம். எந்த நிறத் துணியிலும், பஞ்சிலும் பொலியெஸ்டரிலும் ஒட்டும். தமிழ்ப் புள்ளிகள் தப்பித்தன. என் முறைப்பாடு ஒன்றுதான்: பெரிய படமென்றால் நெஞ்சில் பொலித்தீன் விரித்தது போலிருக்கிறது. கலகெதரக் குளிருக்குச் சரி, புத்தளம் வெயிலுக்கு உடுத்திப் பாருங்கள்.

நானாவிடம் டீடிஎஃப் பிரின்டர் இல்லை. வடிவமைப்பை வாட்ஸ்அப்பில் நகரத்துக்கு அனுப்புகிறார். சுருட்டிய பிலிம் கண்டி–குருநாகல் பஸ்ஸில் கொண்டக்டர் கையில் வந்து சேருகிறது. கண்டி அரசர் காலத்தில் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் பொதிமாடு ஓட்டினார்கள். மலைநாட்டுப் பாக்கு கீழே இறங்கியது, உப்பும் கருவாடும் மேலே ஏறின. தவளம் எனப்பட்ட அந்தப் பொதிமாட்டு வரிசைகளின் வழித்தோன்றல் கொண்டக்டர்தான் என்று நான் சொன்னபோது நானா ரசிக்கவில்லை. ஒருமுறை பொதியை இறக்க மறந்து குருநாகல் வரை கொண்டுபோய்விட்டாராம்.

நகரத்துக்கு அனுப்புவதில் வேறு வில்லங்கமும் உண்டு. இலங்கையில் தமிழ் தட்டச்சு இன்னும் பல இடங்களில் பாமினி எழுத்துருவில் ஓடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறி நிற்கும். தமிழ் தெரியாதவருக்கு அது பிழை என்றே தோன்றாது. அப்படியே அச்சாகி வந்த பிலிம் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது தமிழ் எழுத்து எதையும் கோடுகளாக மாற்றிய பிறகே அனுப்புகிறார்கள்.

2022ஐப் பற்றிக் கேட்காமல் இலங்கையில் எந்தத் தொழிலைப் பற்றியும் எழுத முடியாது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, இறக்குமதியாகும் மை, பிலிம், வினைல் எல்லாம் அதோடு ஏறின. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம். இந்த மெஷின் இழுக்கிற மின்சாரத்தை வீட்டு யூபிஎஸ் தாங்காது. ஜெனரேட்டருக்கோ பெற்றோல் வேண்டும், பெற்றோலுக்கு வரிசை, பிறகு கியூஆர் அட்டை. கரண்ட் வரும் சாமத்தில் எழுந்து அடித்தார்களாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டபோது, பிரஸ் மூடியபடி நின்ற நேரமாம். "நல்ல வேள, தட்டத் தூக்குறது கையால" என்றாள் தங்கச்சி.

பணக்கதை எங்கும் உள்ளதுதான்: முற்பணம் இல்லாமல் தொடுவதில்லை, தேர்தல் வேலைக்கு முழுப்பணமும் முன்னால். பள்ளிக்கூடச் சின்னம் போட அதிபரின் கடிதம் வேண்டும் என்கிறார். உலகக் கம்பனிகளின் சின்னத்தை அடிக்கச் சொல்லி வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பிரதி எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். அது எங்கே என்று தங்கச்சி கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

டீடிஎஃப் பிரின்டர் வாங்கும் யோசனை இருக்கிறதா என்று கேட்டேன். தங்கச்சிதான் பதில் சொன்னாள். வெள்ளை மையில் இருப்பது டைட்டேனியம் டையொக்சைட். கனமான தூள், ஓட்டம் நின்றால் அடியில் படிந்துவிடும், அச்சுத் தலை அடைத்துக்கொள்ளும். தினமும் ஓட்ட வேண்டும். தினமும் ஓட்ட கலகெதரவில் ஏது ஓடர்? மார்ச், ஏப்ரல், வருடக் கடைசி, அவ்வளவுதான். அவள் கேட்பது ஓவர்லொக் மெஷின். துணியை நாமே பார்த்து வாங்கி, நாமே வெட்டித் தைத்தால், என்ன துணி என்று லேபிலிடம் கேட்க வேண்டியதில்லை. காலர் அவள் பொறுப்பு. நானாவுக்கோ இரண்டாவது ஹீட் பிரஸ் மேல் ஆசை.

"ரெண்டாவது பிரஸ் வந்தா கெடுக்கிறதும் ரெண்டு மடங்கு நானா" என்றாள்.

"அப்ப ஓவர்லொக்க எங்க வைக்கிற? தலையிலயா?"

அவள் கட்டர் இருக்கும் மூலையைக் காட்டினாள். டீடிஎஃப் வந்த பிறகு அதற்குப் பாதி வேலைதானே. நானா கட்டரைப் பார்த்தார், பிறகு மேசையடியில் இருந்த மெரூன் பொதியைப் பார்த்தார். மார்ச் முடியட்டும், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.