தொடாமல் அளத்தல்

தொட்டுப் பார்த்தால்தான் ஒன்றை அறிய முடியும் என்பது நம்முள் பலரின் எண்ணம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு, ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரியும் என் தங்கையின் மகனைக் காணச் சென்றேன். ஆழமற்ற தொட்டியில் இருந்த தூய நீரின்மேல், குளோரோஃபார்மில் கரைத்த ஸ்டீரிக் அமிலத்தைச் சில துளிகள் இட்டான். குளோரோஃபார்ம் ஆவியாயிற்று. நீரின்மேல் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

"படலம் இருக்கிறது, மாமா. ஒரே மூலக்கூறின் கனம், ஏறத்தாழ 2.5 நானோமீட்டர்" என்றான்.

அம்மூலக்கூறுகளின் தலைப்பகுதி நீரை நாடும். வால்பகுதி நீரை விட்டு விலகும். ஓரத் தடுப்பை மெல்ல நகர்த்தி இடத்தைக் குறுக்கினால் அவை நெருங்கி நிமிர்ந்து நிற்கும். அவற்றின் மின்முனைகள் ஒரே திசையில் அணிவகுப்பதால், நீர்ப்பரப்பின் மின்னழுத்தம் சில நூறு மில்லிவோல்ட் மாறுகிறது. அதனை அளப்பது எவ்வாறு? கம்பியால் தொட்டால் படலம் கலைந்துவிடுமே!

இதற்கு உதவுவது, உலோகங்களைப் பற்றி ஆராய்ந்த கெல்வின் பிரபு 1898இல் வெளியிட்ட முறை. 1932இல் வில்லியம் ஸிஸ்மன் அதில் அதிரும் தகட்டைப் புகுத்தினார். நீருக்குள் ஒரு மின்வாய்; நீருக்குச் சற்று மேலே, தொடாமல், ஒரு சிறு தகடு. தகடு மேலும் கீழும் அதிர, இடைவெளி மாறுகிறது; சுற்றில் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. எதிர் மின்னழுத்தம் ஒன்றைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், ஒரு கட்டத்தில் அவ்வோட்டம் அடங்கும். அப்போது கொடுத்த அழுத்தமே விடை. தூய நீரில் முன்னர்க் கண்ட அளவோடு அதனை ஒப்பிட்டால், படலத்தின் பங்கு தெரிந்துவிடும்.

திரும்பும் வழியெல்லாம் ஒரு தாயின் முகம் என்னை விட்டு அகலவில்லை. சில மாதங்களுக்கு முன், விபத்தில் மகனைப் பறிகொடுத்த அவர், என்னிடம் வந்து வாய்திறவாது அமர்ந்திருந்தார். அம்மௌனத்தைத் தாங்க மாட்டாமல் நானே பேசத் தொடங்கினேன். ஆறுதல் என்றெண்ணி அரைமணி நேரம் பேசினேன். அவர் கைகூப்பிச் சென்றுவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்பதை நான் கேட்கவே இல்லை.

அந்தக் கருவி படலத்தைத் தொடவில்லை. தன் சுற்றில் எழுந்த ஓட்டம் அடங்கிய பின்னரே எதிரில் இருப்பதன் அளவைச் சொன்னது. நானோ, என் கலக்கம் அடங்குமுன் அவர் துயரத்தைத் தொட்டுக் கலைத்துவிட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தேன். நெடுநேரம் நான் ஒன்றும் பேசவில்லை. மாலை மங்கும் வேளையில், அவர் தம் மகனின் பெயரைச் சொன்னார்.