யானைக் கோபுரமும் பாம்புக் கோபுரமும்

கோனன் என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனக்கண்ணில் தோன்றுவது அர்னால்ட் ஸ்வார்ஸநெகரின் புஜங்களே. 1982-இல் வெளிவந்த ஜான் மிலியஸின் திரைப்படம் அத்தனை ஆழமாக அந்த உருவத்தைப் பதித்துவிட்டது. நாமும் படத்தைத்தான் முதலில் பார்த்தோம். ராபர்ட் இ. ஹோவர்டின் கதைகளை வாசித்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர். வாசித்தபோது எழுந்த முதல் வியப்பு, இந்தக் கோனன் இவ்வளவு பேசுகிறானே என்பதுதான்.

1933 மார்ச் மாத ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வந்த ‘யானைக் கோபுரம்’ என்ற கதையை எடுத்துக்கொள்வோம். சாணித்தாளில் அச்சாகி, படித்ததும் வீசி எறியப்படும் வகை இதழ் அது. இளைஞனான கோனன் மந்திரவாதி யாராவின் கோபுரத்துக்குள் ஒரு மணியைத் திருடப் புகுகிறான். சிங்கங்கள், இராட்சதச் சிலந்தி என எல்லாம் முறைப்படி வருகின்றன. உச்சியறையில் யானைத்தலை கொண்ட ஒரு சிலையைக் காண்கிறான். (தமிழ் வாசகனுக்கு இங்கே பிள்ளையார் நினைவுக்கு வராமல் இரார்.) சிலை அசைகிறது. அது வேற்றுலகிலிருந்து வந்து, யாராவிடம் சிறைப்பட்டு, கண்கள் குருடாக்கப்பட்டு, முந்நூறு ஆண்டுகளாகச் சித்திரவதைப்படும் ஓர் உயிர். அதன் முன் நிற்கும் திருடனுக்கு அச்சம் விலகி இரக்கம் பெருகுகிறது. மனித இனம் முழுவதன் குற்றமும் தன் தலைமேல் இறங்கியதாக உணர்கிறான். அதன் வேண்டுகோளின்படியே அதைக் கொன்று, அதன் பழியைத் தீர்த்து, விடியலில் வெறுங்கையோடு வெளியேறுகிறான்.

மிலியஸின் படத்திலும் கோபுரம் உண்டு, மணி உண்டு, ஏறுதலும் உண்டு. யானைக்குப் பதில் ஒரு பெரும்பாம்பு. அதை வெட்டிச் சாய்த்து மணியைக் கொண்டுபோகிறார்கள். கதையின் சம்பவம் மிஞ்சியது, உயிர் நழுவிவிட்டது.

ஒப்புநோக்க, படக்கதைக்காரர்களே ஹோவர்டுக்கு நேர்மையாக நடந்துகொண்டார்கள். 1970-இல் மார்வெல் தொடங்கிய தொடரின் நான்காம் இதழிலேயே ராய் தாமஸும் பாரி ஸ்மித்தும் இந்தக் கதையைக் கையாண்டார்கள். யானைத்தலையனின் துயரம் அங்கே குறையாமல் இருக்கிறது. கட்டங்களுக்கு மேலே நீளும் கதைசொல்லியின் வாசகங்கள் சிலருக்கு அலுப்பூட்டலாம். ஆனால் ஹோவர்டின் குரல் அவற்றில்தானே குடியிருக்கிறது!

திரைப்படங்களுக்கு இன்னொரு நோயும் உண்டு. நாயகன் வாளெடுக்க ஒரு பழைய காயம் வேண்டும் என்று அவை கருதுகின்றன. மிலியஸின் கோனன் தாய் தந்தையைப் பறிகொடுத்து அடிமையாகிச் செக்குச் சுற்றுகிறான். ஹோவர்டின் கோனனோ போர்க்களத்தில் பிறந்தவன். பதினைந்து வயதிலேயே வெனாரியம் கோட்டையைச் சூறையாடப் போனவன். சாலமன் கேன் என்னும் பியூரிட்டன் வீரனின் கதி இன்னும் மோசம். 1928-இல் வந்த ‘சிவப்பு நிழல்கள்’ கதையில், வழியில் கண்ட முன்பின் அறியாத ஒரு பெண் அவன் கைகளில் உயிர்விடுகிறாள். அந்த ஒன்றுக்காகவே கொலைகாரனைத் துரத்தி ஆண்டுக்கணக்கில் அலைந்து ஆப்பிரிக்கா வரை செல்கிறான். (அந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் தென்படும் இனவெறியை இன்று கூசாமல் வாசிக்க இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) 2009-இல் வந்த படமோ அவனுடைய ஆன்மாவைச் சாத்தானுக்கு உரித்தாக்கி, தந்தை, தமையன் என்று குடும்பக் கதையொன்றைக் கட்டிவிட்டது. காரணமற்ற அறச்சீற்றம் தயாரிப்பாளர்களுக்குப் புரிவதில்லை போலும்.

ஒரு வேடிக்கை. கல் மன்னனைப் பற்றி எழுதி விலைபோகாத ஒரு கதையைத் திருத்தித்தான் ஹோவர்ட் 1932-இல் முதல் கோனன் கதையை வெளியிட்டார். 1997-இல் வந்த ‘கல்’ படமோ, மூன்றாவது கோனன் படத்துக்கென எழுதப்பட்டுக் கிடந்த திரைக்கதையிலிருந்து பிறந்தது. கடன் அடைந்தது, வட்டி மட்டும் வரவில்லை.

ஹோவர்ட் இவற்றில் எதையும் பார்க்கவில்லை. 1936 ஜூன் 11 அன்று, நினைவிழந்து கிடந்த தாய் இனிக் கண்விழிக்கமாட்டார் என்று அறிந்ததும், டெக்சஸின் கிராஸ் பிளெய்ன்ஸில் தம் வீட்டெதிரே காரில் அமர்ந்து தம்மையே சுட்டுக்கொண்டார். வயது முப்பது. ‘வியர்ட் டேல்ஸ்’ அவருக்குத் தரவேண்டிய பாக்கி அப்போது ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தது.

அவரோடு பழகிய ஆசிரியை நோவலின் பிரைஸ் எல்லிஸ் பின்னாளில் எழுதிய நினைவு நூல் 1996-இல் ‘தி ஹோல் வைட் வேர்ல்ட்’ என்ற படமாயிற்று. தட்டச்சு செய்யும்போதே வரிகளை உரக்கக் கூவுவது ஹோவர்டின் வழக்கம். வாளோ மந்திரவாதியோ இல்லாத அந்தப் படத்தில், வின்சென்ட் டி’ஒனாஃப்ரியோ கதைகளை வாய்விட்டுச் சொல்லும் இடங்களில்தான், நாம் புத்தகத்தில் கேட்ட கோனனின் குரலை முதன்முதலாகத் திரையில் கேட்டோம்.