முகத்துவாரத்தில் ஒரு பாதிப் பாலம்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, அடையாறு கடலில் சேரும் இடத்தில் பாதியோடு அறுந்து நிற்கிறது ஒரு பாலம். 'புரோக்கன் பிரிட்ஜ்' என்றால் சென்னையில் பலருக்கும் தெரியும். தென்கரை மீனவர்கள் பட்டினப்பாக்கம், சாந்தோம் பக்கம் போய்வர 1967இல் கட்டியது. பத்தே ஆண்டுகளில், 1977இல், ஒரு பகுதி இடிந்து ஆற்றோடு போனது. மிஞ்சிய தளத்தில் சிமெண்டு பெயர்ந்து, துருவேறிய கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

படம் எடுக்க வருகிறவர்கள் நின்று பார்க்காமல் கடந்துபோகும் ஊரூர் ஆல்காட் குப்பத்தில்தான் இந்தக் கரையின் பழைய வரலாறு இருக்கிறது. பக்கத்தில் 1882இல் இடம் வாங்கிய பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் பெயர் குப்பத்தின் ஒரு பாதிக்கு வந்தது. பெசன்ட் நகரில் மனை பிரித்து வீடு கட்டியதெல்லாம் அதற்கும் வெகுகாலத்துக்குப் பிறகு.

மீனவர்கள் இங்கே குடியேறியதற்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. கரைவலை இழுக்க நீண்ட மணற்கரை உண்டு. கடல் சீறும் நாட்களில் கழிமுகத்தில் மடவையும் இறாலும் நண்டும் கிடைக்கும். மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் மணல்மேட்டைத் தோண்டினால் குடிக்க நல்ல தண்ணீர் ஊறும்.

ஆனால் முகத்துவாரம் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கடல் நீரோட்டம் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே இழுக்கும். கோடையில் ஆறு வற்றினால் மணல்திட்டு வாயை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதை உடைத்துத் திறக்கும். ஆற்றின் நீர்மட்டமும் அப்படித்தான் மாறும். 1746 அக்டோபரில் பாரடி தலைமையிலான சிறிய பிரெஞ்சுப் படை, ஆற்றில் இறங்கி நடந்தே அக்கரை ஏறி, ஆற்காடு நவாபின் பெரும்படையைத் தோற்கடித்தது. அதே ஆறு 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது.

இந்தக் கழிமுகத்தின் மீது சாலை போடும் யோசனை அவ்வப்போது எழுகிறது. வாய் எந்தப் பக்கம் நகர்கிறது, மணல் எப்போது சேர்கிறது என்பதைத் தினமும் பார்த்துத் தொழில் செய்கிறவர்கள் குப்பத்து மீனவர்கள். வரைபடத்தில் முதல் கோடு விழுவதற்கு முன் அவர்களிடம் கேட்டாக வேண்டும். அவர்கள் குடியிருப்பை ஆக்கிரமிப்பாகப் பார்க்கும் பழக்கத்தையும் நகரம் விடவேண்டும். நகரம் இந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள் அவர்கள்.