அக்கா பொண்ணோட போர்ட்ஃபோலியோ

அக்கா பொண்ணு திருவனந்தபுரம் கழக்கூட்டம் பக்கம் ஒரு காலேஜ்ல டிசைன் படிக்கிறா. கடைசி வருஷம். இந்த செமஸ்டர் லேப்ல போர்ட்ஃபோலியோ தயார் பண்ணணும், அதுக்குத் தனி மார்க். நான் இங்க மெல்பர்ன்ல இதே தொழில்ல இருக்கிறதால "மாமா, ஒருக்க பாத்துட்டு சொல்லுங்க"ன்னு ஃபைலை அனுப்பியிருந்தா. இங்கயும் நம்ம பிள்ளைங்க நிறைய பேர் இப்போ டிசைன் பக்கம் போறாங்க. அவங்க வீட்டுக்கும் உதவும்னுதான் இதை எழுதறேன்.

கழக்கூட்டம்னா டெக்னோபார்க். 1990ல ஆரம்பிச்ச, இந்தியாவோட முதல் டெக்னாலஜி பார்க். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து வேலை தேடி அங்க போற பிள்ளைங்க ஏராளம். அக்காவோட கணக்கும் அதுதான். பேங்க் லோன் பத்தாம அவ வளையல் ரெண்டும் அடகுல இருக்கு. அதனால இந்த ஃபைல் வெறும் மார்க் சமாச்சாரம் இல்லை.

திறந்து பார்த்தேன். 24 பக்கம். காபிக் கடை லோகோ, ஷாம்பு பாட்டில், ஷூ போஸ்டர், பாட்டு கேக்கற ஆப்புக்கு நாலு ஸ்கிரீன். எல்லாமே சுத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா ஆள் எடுக்கிற மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாருங்க. ஒரே கிளாஸ்ல முப்பது பேர்னா முப்பது காபிக் கடை. ஒரு ஃபைலுக்கு முதல் சுத்துல ரெண்டு மூணு நிமிஷம் கிடைச்சா பெரிசு. லேப் பயிற்சியைக் குறை சொல்லலை, கை பழக அது வேணும். போர்ட்ஃபோலியோ காட்ட வேண்டியது வேற. ஒரு சிக்கல் வந்தா இந்தப் பிள்ளை எப்படி யோசிச்சு முடிவெடுக்கும்னு அதுல தெரியணும்.

"நீ தினமும் போற வழியில யாருக்காவது கஷ்டம் குடுக்கிற போர்டு எதாவது இருக்கா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னா, "அம்மா இங்க வந்தா எந்த போர்டையும் வாசிக்கத் தெரியாது மாமா. மெடிக்கல் காலேஜுக்கும் ஆர்.சி.சி.க்கும் வர்ற நம்ம ஊர்க்காரங்க பஸ் ஸ்டாப்புல எல்லாரையும் கேட்டுக்கிட்டே நிக்கிறாங்க." ஆர்.சி.சி.ங்கிறது அங்க இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி. குமரி மாவட்டத்துல இருந்து அதுக்குப் போகாத தெரு கிடையாது.

சரி, அதையே செய்னு சொன்னேன். மலையாளமும் தமிழும் சேர்ந்த பஸ் ஸ்டாப் பலகை. முதல்ல ஊர்ப் பேரு.

வேலை ஆரம்பிச்சதும்தான் வேடிக்கை. கழக்கூட்டம்னு தமிழ்ல எழுதினா ஏழு எழுத்து. மலையாளத்துல க்கூ, ட்டம் ரெண்டும் கூட்டெழுத்து ஆயிடும், மொத்தம் நாலே வடிவம். அதே பேரு, ஆனா நீளம் ரெண்டு மாதிரி. ஒரே சைஸ்ல போட்டா ஒரு மொழி இன்னொண்ணுக்கு துணைப்பேரு மாதிரி தெரியும்.

அதுக்கு மேல அந்தக் 'கூ'. நம்ம கு, சு, து, மு-வைப் பாருங்க, உகரம் ஒவ்வொரு எழுத்துலயும் ஒவ்வொரு விதமா ஒட்டிக்கும். மலையாளமும் அப்படித்தான் இருந்துச்சு. டைப்ரைட்டருக்கும் அச்சுக்கும் வசதியா 1971ல கேரள அரசு லிபியைச் சீர்திருத்தினப்போ உகரக் குறியைத் தனியாப் பிரிச்சு பக்கத்துல வெச்சாங்க. நம்ம பக்கம் 1978ல லை, ணை, றா எல்லாம் மாறிச்சு, கு, சு-வை யாரும் தொடலை. கம்ப்யூட்டர் வந்தப்புறம் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லைன்னு 1999ல 'ரச்சனா'ங்கிற இயக்கம் பழைய லிபியைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. ரெண்டு வகை ஃபான்ட்டும் இப்போ இலவசமாவே கிடைக்குது. அப்போ பலகைக்கு எது?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலை. அவ ரெண்டையும் ஏ3 தாள்ல அச்செடுத்து ஹாஸ்டல் வராந்தாவுல ஒட்டி, பத்தடி, இருபதடி, முப்பதடின்னு தள்ளி நின்னு கூட்டுக்காரிகளை வாசிக்கச் சொல்லிக் குறிச்சு வெச்சா. தூரம் போகப் போக ஒட்டின வடிவத்துல வளைவு அடைஞ்சு போறதா அவளுக்குப் பட்டுச்சு. பலகைக்குப் பிரிச்ச வடிவம், கையில குடுக்கிற வழிகாட்டித் தாளுக்குப் பழைய வடிவம்னு முடிவு பண்ணி காரணத்தையும் ரெண்டு வரியில எழுதினா. எனக்கு அந்த ரெண்டு வரிதான் மத்த 24 பக்கத்தை விடப் பெரிசாத் தெரிஞ்சுது.

நடுவுல இன்டிசைன் தகராறு வேற. தமிழ்ல கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்கிச்சு. பாராகிராஃப் செட்டிங்ல 'வேர்ல்ட்-ரெடி காம்போசர்'னு ஒண்ணு இருக்கு, அதுக்கு மாத்தினா சரியாயிடும். இது தெரியாம தமிழை விட்டுட்டு இங்கிலீஷுக்கு ஓடின பசங்களை நான் பார்த்திருக்கேன்.

கடைசியில 24 பக்கம் போய் எட்டு வேலையா நின்னுச்சு. முதல்ல இந்தப் பலகை. ஒவ்வொரு வேலைக்கும் யாருக்காகச் செஞ்சது, என்ன சிக்கல், கைவிட்ட ரெண்டு மூணு முயற்சி, கூட்டு வேலையா இருந்தா அதுல அவ பங்கு எது. பென்சில் கிறுக்கலையும் எடுத்து வெச்சோம். காபிக் கடையும் இருக்கு, ஆனா ஆறாவது இடத்துல :-)

ரெண்டு கம்பெனிக்கு அனுப்பியிருக்கா. ஒண்ணுல இருந்து நேர்ல கூப்பிட்டிருக்காங்க. அந்த ஏ3 தாள்களையும் கொண்டு வரச் சொன்னாங்களாம். வேலை கிடைக்குமான்னு தெரியாது, வளையல் இன்னும் அடகுலதான் இருக்கு.

உங்க வீட்டுப் பிள்ளையும் டிசைன் படிச்சா, இந்த லீவுல உங்க சொந்த ஊர்ப் பேரைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரே பலகையில எழுதச் சொல்லிப் பாருங்க. தமிழ் வாசிக்க வராத பிள்ளையா இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு எழுத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் வரைஞ்சாகணும். பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க. ஆனா எந்த சைஸ், எந்த வடிவம்ங்கிற முடிவை மட்டும் பிள்ளைகிட்டயே விட்டுடுங்க.